நம் பெயரில் வேறொருவர் நடமாடாமல் இருக்க: அடையாளத் திருட்டைத் தடுக்கும் வழிமுறைகள்

மோசடி என்றதும் கணக்கிலிருந்து பணம் போவதைத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். போன தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது ஒருமுறை நடந்து முடிந்த இழப்பு. அடையாளத் திருட்டு அப்படி முடிவதில்லை. உங்கள் ஆதார் நகலும் பான் எண்ணும் தவறான கைக்குப் போய்விட்டால் உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கலாம், செயலி மூலம் கடன் எடுக்கலாம், ஜிஎஸ்டி பதிவு பெற்றுப் போலி நிறுவனம் நடத்தலாம், அந்தச் சிம் கார்டைக் கொண்டு உங்களுக்குத் தொடர்பே இல்லாத மூன்றாவது மனிதரை ஏமாற்றவும் செய்யலாம். இவையெல்லாம் நடக்கும்போது உங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வராமல் போகலாம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்து மறுக்கப்படும்போதோ, வரித் துறையின் நோட்டீஸ் வீடு தேடி வரும்போதோ, வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு அழைக்கும்போதோதான் பலருக்கும் இது தெரியவருகிறது. தினக்கூலிக்கு வேலை செய்பவர்களின் பெயரில் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி இருப்பதாக நோட்டீஸ் வந்த செய்திகளை நாளிதழ்களில் நாம் திரும்பத் திரும்பப் படித்துவருகிறோம்.

ஆகவே, பணத்தைக் காப்பதற்கு முன்னால் பெயரைக் காக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. இந்தியாவில் ஒருவருடைய அடையாளம் மூன்று எண்களில் அடங்கிவிடுகிறது: கைபேசி எண், ஆதார் எண், பான் எண். இந்த மூன்றில் எதை முதலில் காக்க வேண்டும், உங்கள் பெயரில் வெளியே என்னென்ன இருக்கின்றன என்பதை எப்படிப் பார்ப்பது, தவறு நடந்துவிட்டால் எந்த வரிசையில் செயல்படுவது என்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கைபேசி எண்ணிலிருந்து தொடங்குங்கள்

பலரும் ஆதாரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் கருத்தில் முதலில் பூட்ட வேண்டியது கைபேசி எண்ணைத்தான். வங்கியின் ஓடிபி, ஆதாரின் ஓடிபி, மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றும் குறியீடு, யுபிஐ செயலியின் பதிவு ஆகிய அனைத்தும் அந்த ஓர் எண்ணையே நம்பியிருக்கின்றன. எண் ஒருவர் கைக்குப் போனால் மற்றவை தாமாகவே திறந்துகொள்ளும்.

முதல் வேலையாக, உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி மூலம் நுழைந்தால், உங்கள் அடையாள ஆவணத்தின் பேரில் வழங்கப்பட்ட இணைப்புகளின் பட்டியல் தெரியும். உங்களுடையது அல்லாத எண் அதில் இருந்தால் அங்கேயே தேர்ந்தெடுத்துப் புகார் செய்யலாம். நீங்கள் வாங்கி இப்போது பயன்படுத்தாத எண்ணையும் தேவையில்லை என்று குறிப்பிடலாம். ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் வரம்பு 6. இந்த வரம்பு பெரிதாக இருப்பதால்தான் நடுவில் ஓர் எண் கூடுதலாகச் சேர்ந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை. புதிய சிம் வாங்கும்போது கடைக்காரர், கைரேகை சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள் என்று சொன்னால், அந்த இரண்டாவது பதிவில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் வாங்கப்பட்டிருக்கவும் கூடும். கருவி சில சமயம் உண்மையாகவே பிழை காட்டும் என்பதால் கடைக்காரரோடு சண்டையிட வேண்டியதில்லை. ஓரிரு நாளில் பட்டியலைத் திறந்து சரிபார்த்தால் போதும்.

அடுத்து, சிம் கார்டுக்கே ஒரு பின் எண் வைத்துக்கொள்ளுங்கள். இது திரையைத் திறக்கும் எண்ணிலிருந்து வேறானது. திருடிய கைபேசியின் திரை பூட்டியிருந்தாலும், சிம் கார்டைக் கழற்றி வேறொரு கைபேசியில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வந்து சேரும். சிம்முக்குப் பின் எண் இருந்தால் அது நடக்காது. கைபேசியின் பாதுகாப்பு அமைப்புகளில் இதை இயக்கலாம். நிறுவனம் இயல்பாகக் கொடுத்திருக்கும் பின் எண் எது என்பதை வாடிக்கையாளர் சேவையில் உறுதிசெய்துகொண்டு பிறகு மாற்றுங்கள். மூன்று முறை தவறாக அழுத்தினால் சிம் பூட்டிக்கொள்ளும், திறப்பதற்குப் பியூகே என்ற தனித் திறப்பு எண் தேவைப்படும். பூட்டிய திரையின் மேல் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடியும் மாற்றிவையுங்கள். பூட்டைத் திறக்காமலேயே ஓடிபியைப் படிக்க முடியும் என்றால் பூட்டுவதில் பயனில்லை.

நல்ல சிக்னல் உள்ள இடத்தில் உங்கள் கைபேசியில் மட்டும் இணைப்பு திடீரென்று அற்றுப்போய், கைபேசியை அணைத்துப் போட்ட பின்னும் திரும்பவில்லை என்றால், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்றுச் சிம்மோ இ-சிம்மோ பெற்றிருக்கலாம். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், வீட்டில் உள்ள மற்றொரு கைபேசியிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள். அதேபோல, கூரியர் வந்திருக்கிறது என்றோ இணைப்பைச் சரிசெய்கிறோம் என்றோ சொல்லி, நட்சத்திரக் குறியோடு 401 அல்லது 21 என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர்களுடைய எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. குரல்வழி ஓடிபியும் அவர்களுக்கே போகும். இந்தக் குறியீட்டு வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆயினும் அழைப்பு அமைப்புகளில் கால் ஃபார்வர்டிங் என்ற பகுதியைத் திறந்து, அறியாத எண் எதுவும் அங்கே இல்லை என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓர் எண்ணை விட்டுவிடப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே வங்கி, ஆதார், வருமான வரித் தளம், மின்னஞ்சல் ஆகிய எல்லாவற்றிலும் புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள். செயலிழந்த எண் 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் உங்கள் ஓடிபி அவருக்குப் போவது நல்லதன்று.

மின்னஞ்சலையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லும், இரண்டு படிச் சரிபார்ப்பும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்கப் பின் எண்ணை வைத்துக்கொண்டு, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியை அவ்வப்போது பாருங்கள்.

ஆதார்: நகல், கைரேகை, பூட்டு

ஆதார் எண் தெரிந்ததாலேயே ஒருவரால் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட முடியாது. ஆபத்து இரண்டு வழிகளில் வருகிறது: ஒன்று நகல், மற்றொன்று கைரேகை.

நகலைப் பொறுத்தவரை நம் பழக்கம் மிகவும் தளர்வானது. ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் படங்களை அனுப்பி அச்செடுக்கிறோம். அச்சு நம் கைக்கு வந்துவிடுகிறது. படங்களோ அவருடைய கைபேசியிலும் கணினியிலும் தங்கிவிடுகின்றன. அவர் நேர்மையானவராக இருக்கலாம், ஆனால் அந்தக் கணினியைத் தொடும் எல்லோருக்கும் அவர் பொறுப்பேற்க முடியாது. முடிந்தவரை காகித நகலைக் கொண்டுபோய்ப் படியெடுங்கள். கோப்பாகவே கொடுக்க நேர்ந்தால், அச்செடுத்த பிறகு கடையின் கணினியில் பதிவிறக்கக் கோப்புறையிலும் குப்பைத் தொட்டியிலும் இருந்து அதை நீக்கச் சொல்லி, நீக்கும்வரை அருகிலேயே நில்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, ஆவணம் உங்களுடையது.

ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும் இந்தப் பிரதி, விடுதியில் அறை எடுப்பது போன்ற தேவைகளுக்குப் போதுமானது. ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண்ணையும் அங்கேயே உருவாக்கலாம். வேண்டும்போது புதிய எண்ணை உருவாக்கிக்கொண்டால் பழையது செல்லாமல் போய்விடும். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வங்கிக் கணக்குக்கோ சிம் கார்டுக்கோ ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது; பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை போன்றவற்றையும் காட்டலாம். எந்த நகலைக் கொடுத்தாலும், எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேவைக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்பதை நகலின் குறுக்கே, பெயரும் படமும் இருக்கும் பகுதியைத் தொட்டு எழுதிக் கையொப்பமிடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடலாம். இதனால் மோசடியே நடக்காது என்று சொல்ல முடியாது; ஆனால் நடந்துவிட்டால் நகல் எங்கிருந்து வெளியேறியது என்பதைக் காட்டும் சான்று உங்களிடம் இருக்கும்.

கைரேகையின் கதை வேறு. கிராமங்களில் வங்கி முகவரிடம் ஆதார் எண்ணைச் சொல்லிக் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறை பல முதியவர்களுக்கும் நூறு நாள் வேலைத் தொழிலாளர்களுக்கும் உண்மையாகவே பயன்படுகிறது. அதில் ஓடிபி கிடையாது, பின் எண்ணும் கிடையாது. அதனால் ரேகையைப் படியெடுப்பவருக்கு வேலை எளிதாகிவிடுகிறது. நிலப் பத்திரங்களில் பதிந்த கைரேகைகளைப் பதிவுத் துறை இணையதளங்களிலிருந்து எடுத்து, சிலிக்கான் போன்ற பொருளில் அச்சு வார்த்துப் பணம் எடுத்த கும்பல்களை இந்தியாவின் பல மாநிலங்களில் காவல் துறையினர் பிடித்திருக்கிறார்கள். அண்மையில் நிலமோ வீடோ பதிவு செய்தவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

இதற்கான தடுப்பு, உயிர்வழித் தரவுப் பூட்டு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ அதன் அதிகாரபூர்வச் செயலியிலோ ஓடிபி மூலம் நுழைந்து கைரேகையையும் கருவிழியையும் பூட்டிவிட்டால், உங்கள் கைரேகையைக் கொண்டு யாரும் சரிபார்ப்புச் செய்ய முடியாது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நியாய விலைக் கடையில் பொருள் வாங்கவும், ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்று கொடுக்கவும் கைரேகை கேட்கப்படும். பூட்டியிருந்தால் அங்கே பிழை காட்டும். வரிசையில் நிற்கும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சிறிது நேரத்தில் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். வீட்டில் கைபேசியைக் கையாளத் தெரிந்த ஒருவர் ரேஷனுக்குப் போவதாக இருந்தால் எல்லோருடையதையும் பூட்டிவைப்பதே நல்லது என்பேன். தனியாக வாழும் முதியவருக்கு இந்தப் பூட்டே சுமையாகிவிடக்கூடும். அவருக்கு மட்டும், கைரேகை வழிப் பணமெடுப்பை அந்தக் கணக்குக்கு நிறுத்தித் தர முடியுமா என்று வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கேட்டுப் பாருங்கள்.

ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் அதே தளத்தில் பார்க்கலாம். கடந்த ஆறு மாதப் பதிவுகள் கிடைக்கும். நீங்கள் போகாத நாளில், போகாத இடத்தில் கைரேகைச் சரிபார்ப்பு நடந்திருந்தால் அது தெளிவான எச்சரிக்கை. 1947 என்ற எண்ணில் ஆணையத்தை அழைத்துக் கேட்கலாம்.

பான் எண்ணும் உங்கள் பெயரில் உள்ள கடன்களும்

பான் எண்ணைத் தவறாகப் பயன்படுத்தியதை மூன்று இடங்களில் கண்டுபிடிக்கலாம்.

முதலாவது கடன் அறிக்கை. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு நிறுவனங்கள் இந்தியர்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று சுழற்சியாகக் கேட்டால், ஒரு ரூபாயும் செலவில்லாமல் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். கட்டணத் திட்டத்தில் சேரும்படி அந்தத் தளங்கள் வற்புறுத்தும். சேர வேண்டிய தேவையில்லை. அறிக்கை கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கணக்குகள் என்ற பகுதியில் நீங்கள் வாங்காத கடன் அல்லது கடன் அட்டை இருக்கிறதா, விசாரணைகள் என்ற பகுதியில் நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, உங்களுடையதல்லாத முகவரியோ கைபேசி எண்ணோ சேர்ந்திருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். கடன் இன்னும் வழங்கப்படாத நிலையிலேயே விசாரணைப் பகுதி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அதை மற்ற இரண்டையும்விடக் கூர்ந்து படிக்க வேண்டும்.

இரண்டாவது, வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏஎஸ் படிவமும் ஆண்டுத் தகவல் அறிக்கையும். உங்கள் பான் எண்ணில் யாராவது சம்பளமோ தரகோ பெற்றதாகக் கணக்குக் காட்டியிருந்தால் அங்கே தெரியும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களும் கணக்குத் தொடங்கி இதைப் பார்க்க வேண்டும்; போலி நிறுவனக்காரர்கள் தேடுவது வரித் தளத்தின் பக்கமே போகாதவர்களின் பான் எண்ணைத்தான்.

மூன்றாவது, ஜிஎஸ்டி தளம். அங்கே வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில், பான் எண் மூலம் தேடும் வசதி உண்டு. நுழைவுப் பெயரோ கடவுச்சொல்லோ தேவையில்லை. உங்கள் எண்ணைக் கொடுத்துத் தேடினால், அந்தப் பான் எண்ணில் எந்த மாநிலத்திலாவது பதிவு இருந்தால் காட்டிவிடும். வேலை வாங்கித் தருவதாகவோ, அரசு உதவித் தொகை பெற்றுத் தருவதாகவோ சொன்ன யாரிடமாவது பான், ஆதார் நகல்களைக் கொடுத்திருந்தால் இன்றே இதைச் செய்துவிடுங்கள்.

அழைப்பிலும் செய்தியிலும் வருபவர்கள்

நகல் திருடுபவர் உங்களைத் தேடி வர வேண்டியதில்லை. பணம் பறிப்பவர் உங்களிடம் பேசியாக வேண்டும். மின்கட்டணம் கட்டாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், பிள்ளைக்குக் கல்வி உதவித் தொகை வந்திருக்கிறது, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று காரணம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத இரண்டு உண்டு: அவசரம், இரகசியம். உடனே செய்ய வேண்டும் என்பார்கள், யாரிடமும் சொல்லக் கூடாது என்பார்கள். எந்த அரசு அலுவலகமும் எந்த வங்கியும் வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்று நிபந்தனை விதிப்பதில்லை. அந்தச் சொல் வந்த மறுகணமே அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

காணொளி அழைப்பில் காவலர் உடையோடு தோன்றி, டிஜிட்டல் கைது செய்திருப்பதாகச் சொல்லி மணிக்கணக்கில் திரைமுன் உட்காரவைத்துச் சேமிப்பு முழுவதையும் பறிப்பவர்களுக்குப் பெரும்பாலும் பலியாகிறவர்கள் ஓய்வுபெற்றவர்களே. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்ற ஒன்றே இல்லை. விசாரணைக்காகப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் அதிகாரம் காவல் துறை, சிபிஐ, அமலாக்கத் துறை, நீதிமன்றம் ஆகிய யாருக்கும் கிடையாது. 2025-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டு, விசாரணையைச் சிபிஐயிடம் ஒப்படைத்தது. உங்கள் பெற்றோரிடம் இந்த ஒரு செய்தியை இன்று சொல்லிவிடுங்கள். பயம் வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பை, தொடாதீர்கள். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கியின் கேஒய்சி படிவம் என்ற பெயர்களில் அது வரும். நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டுப் பெற்று, ஓடிபியை வெளியே அனுப்பும். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும் நம்ப வேண்டாம், அவருடைய கைபேசி முன்பே பறிபோயிருக்கலாம். யுபிஐயில் பணம் பெறப் பின் எண் தேவையில்லை. பணம் பெறுவதற்குப் பின் எண்ணை அழுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் மோசடிக்காரர்தான். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத் தேடலில் எடுக்காமல், ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். சந்தேகத்துக்குரிய அழைப்பை, பணம் போகாத நிலையிலும், சஞ்சார் சாத்தியில் உள்ள சக்‌ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம்.

கணக்கை வாடகைக்குக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்தால் மாதம் சில ஆயிரம் ரூபாய் தருவதாகக் கல்லூரி மாணவர்களை அணுகுகிறார்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். முதலில் கைதாகிறவர் கணக்குக்கு உரியவர்தான். வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை இருந்தால் இதை வெளிப்படையாகப் பேசுங்கள்.

நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு 1930. இது உள்துறை அமைச்சகத்தின் இந்தியச் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் உதவி எண். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை. சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, இறுதியில் ஏடிஎம்மில் எடுக்கப்படுகிறது அல்லது கிரிப்டோவாக மாற்றப்படுகிறது. 1930-இல் பதிவாகும் புகார் அந்தந்த வங்கிகளுக்கு உடனே போவதால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க வாய்ப்பு உண்டு. அழைப்பதற்கு முன் கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனைக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு கிடைக்கத் தாமதமானால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் பதிந்துவிடுங்கள். குடும்பத்தார் கோபிப்பார்களோ என்ற வெட்கத்தில் ஒரு நாள் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த ஒரு நாளில்தான் பணம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகிறது. ஏமாந்தவரைத் திட்டுவதை வீட்டார் தள்ளிப்போட்டால், அதுவே பெரிய உதவி.

அதே நேரத்தில் வங்கியை அழைத்து அட்டை, இணைய வங்கி, யுபிஐ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண்ணைப் பெறுங்கள். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இங்கே உங்களுக்குத் துணை நிற்கும். தவறு வங்கியின் பக்கம் என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் தவறு வேறெங்கோ நடந்திருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அப்போதும் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை நேர்ந்த இழப்பு உங்களுடையது. புகாருக்குப் பின் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. வாடிக்கையாளர் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டிய கடமையும் வங்கியுடையதே. கிளையில் வாய்மொழியாக இல்லை என்று சொல்லி அனுப்பினால், எழுத்தில் கேளுங்கள். 30 நாட்களில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான தொலைபேசி எண் 14448.

செய்திகள், அழைப்புப் பட்டியல், திரைப் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். ஏபிகே கோப்பை நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். கைபேசியை முழுவதும் அழித்துப் புதிதாக்குவதற்கு முன் சான்றுகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் போகாமல் பெயர் மட்டும் திருடப்பட்டிருந்தால், உதாரணமாக நீங்கள் வாங்காத கடன் அறிக்கையில் இருந்தால், வேலை மெதுவானது, ஆனால் முடியாததன்று. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, விண்ணப்பத்தின் நகல், அடையாளமாகக் கொடுத்த ஆவணங்கள், எடுக்கப்பட்ட புகைப்படம், பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கு ஆகிய நான்கையும் கேளுங்கள். பணம் போன கணக்கு உங்களுடையதல்ல என்பதே உங்களுக்குச் சாதகமான வலுவான சான்று. வசூல் முகவர் தொல்லை தாங்காமல் ஒரு தவணையைக் கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கடனை ஒப்புக்கொண்டீர்கள் என்று வாதிட அது இடம் தரும். கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பதிவை மறுத்து விண்ணப்பியுங்கள். 30 நாட்களில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டிருக்கிறது.

காவல் துறையில் கொடுக்கும் புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். முதலாவது பிறருடைய கடவுச்சொல் முதலான அடையாளக் கூறுகளை வஞ்சகமாகப் பயன்படுத்துவதற்கும், இரண்டாவது கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் உரியவை. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மனு ஏற்புச் சான்றான சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வங்கியும் கடன் நிறுவனமும் முதலில் கேட்பது அதைத்தான். குற்றம் வேறு ஊரில் நடந்தது என்பதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. எல்லை பாராமல் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்கிறது.

முடக்கப்பட்ட பணம் உங்கள் கணக்குக்குத் தானாகத் திரும்பாது. பல வழக்குகளில் நீதிமன்றத்தில் மனு செய்து உத்தரவு பெற வேண்டியிருக்கும். எந்தக் கணக்கில் எவ்வளவு முடக்கப்பட்டிருக்கிறது என்பதை விசாரணை அதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காத்திருப்புக் காலத்தில், பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் போதும் என்று அழைப்பு வரக்கூடும். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியல் கும்பல்களுக்குள் கைமாறுவதால் வரும் இரண்டாம் மோசடி அது. 1930-உம் காவல் நிலையமும் மீட்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

இறந்தவர்களின் ஆவணங்கள்

குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய சிம் கார்டும் வங்கிக் கணக்கும் பான் அட்டையும் பல மாதம் அப்படியே கிடக்கின்றன. கவனிப்பார் இல்லாத கணக்கு மோசடிக்காரர்களுக்கு மிகவும் பிடித்தமானது. இறப்புச் சான்றின் நகல்களைச் சற்றுக் கூடுதலாகவே வாங்கிவைத்து, முதலில் வங்கிக்குத் தெரிவியுங்கள். வாரிசுதாரர் கோரிக்கை முடியும்வரை சிம் கார்டை இயக்கத்தில் வைத்திருந்து, அதன்பின் முறைப்படி ஒப்படையுங்கள். இறந்தவருக்காகத் தாக்கல் செய்ய வேண்டிய வருமான வரிக் கணக்கு முடிந்த பிறகு, பான் எண்ணை ரத்து செய்யும்படி வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு வாரிசுதாரர் விண்ணப்பிக்கலாம். ஆதாருக்கு அவருடைய உயிர்வழித் தரவு பூட்டப்பட்டிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். பூட்டப்படாமல் இருந்தால், அவருடைய எண் இயக்கத்தில் இருக்கும்போதே 1947-ஐ அழைத்து என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.